குடியுரிமை வகுப்பை ஏன் நிறுத்தினீர்கள்? நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சனிக்கிழமைதோறும் நடந்துவந்த குடியுரிமைத் தேர்வு வகுப்பையும், அதன் பின்பாதியில் நடக்கும் அமெரிக்க அரசியல் சட்டம் பற்றிய உரையாடலையும் நிறுத்திவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தீர்கள். "இன்றைய சூழலைக் கருத்தில் கொண்டு அரசியல் சார்ந்த நிகழ்ச்சிகள் மறு அறிவிப்பு வரும் வரை நிறுத்திவைக்கப்படுகின்றன" என்று ஒரே ஒரு வாக்கியம். யார் முடிவெடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில் எடுத்தார்கள், அந்த வகுப்பில் அப்படி என்ன தவறு நடந்தது என்று எதுவும் அதில் இல்லை. நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. உங்களில் ஒருவரிடம் நேரில் கேட்டபோது, "அண்ணே, நம்ம ஆளுங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கோம், இப்போ எதுக்கு வம்பு?" என்றார். அந்த வகுப்பை ஆரம்பத்திலிருந்து நடத்திவருபவன் நான். இந்த முடிவை ஏற்க என்னால் முடியவில்லை. எல்லா உறுப்பினர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

வகுப்புக்கு வந்தவர்கள் யார் என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. பாதிப் பேர் உங்கள் அப்பா அம்மா வயதுக்காரர்கள். பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டு வாங்கி, பேரப்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். மீதிப் பேர் எச்-1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவிலும் இருக்கும் இளையவர்கள். பொது நூலகத்தின் கூட்ட அறை இலவசமாகக் கிடைத்தது. சங்கத்துக்கு ஆன செலவு, கேள்வித்தாள் நகல் எடுத்த காசு மட்டும்தான்.

அந்தப் பெரியவர்கள் எழுதப்போகும் தேர்வு இப்போது முன்பைவிடக் கடினம். 2008 முதல் இருந்த முறையில் 100 கேள்விகளைப் படிக்க வேண்டும். அதில் 10 கேட்பார்கள், 6-க்குச் சரியான பதில் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20-ம் தேதியிலிருந்து குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போடுகிறவர்களுக்குப் படிக்க வேண்டியவை 128. கேட்பது 20, அதில் 12 சரியாக இருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் இப்போது வகுப்பை வாரம் இரண்டாக ஆக்கியிருக்க வேண்டும். நீங்களோ இழுத்து மூடிவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரீன் கார்டோடு 20 வருடம் இங்கே இருந்து 50 வயது தாண்டியவர்களுக்கும், 15 வருடம் இருந்து 55 வயது தாண்டியவர்களுக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 வருட கிரீன் கார்டும் இருந்தால் 20 கேள்விகள் மட்டும் உள்ள தனிப் பட்டியல். அதில் 10 கேட்டு 6 வந்தால் போதும். நம் ஊரில் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? "எனக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு எதுக்கு சிட்டிசன்ஷிப்" என்று வீட்டிலேயே இருந்துவிட்ட அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க நம் சங்கத்தை விட்டால் இந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

சரி, உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். எழுத்தில் நீங்கள் எதுவும் தரவில்லை. காதில் விழுந்தவை மூன்று: இது அரசியல், இதனால் விசாவில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வரும், சங்கத்தின் வரிவிலக்கு போய்விடும்.

கடைசிக் காரணத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நம் சங்கம், வரிவிலக்கு பெறும் பொதுநல அமைப்புகளுக்கான 501(சி)(3) பிரிவில் பதிவானது. அந்தப் பிரிவில் இருக்கும் அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. 1954 முதல் உள்ள விதி இது. கட்சி சாராமல் வாக்காளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், வாக்காளர் பதிவுக்கு மேசை போட்டு உதவுவதும் அதில் தடை செய்யப்படவில்லை, வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தானே வெளியிட்ட விளக்கத்திலேயே இது இருக்கிறது. பொருளாளர் ஒரு வரித்துறைக் கணக்காளர். என்னைவிட அவருக்கு இது நன்றாகவே தெரியும்.

இது அரசியல் என்ற காரணத்துக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் நாங்கள் எந்தக் கட்சியைப் பற்றியும் பேசியதில்லை, யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொன்னதும் இல்லை. குடியுரிமைத் தேர்வின் கேள்விகளில் ஒன்று, சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்பது. அரசாங்கமே வெளியிட்டிருக்கும் பதில்கள்: எல்லோரும் சட்டத்தைப் பின்பற்ற வேண்டும், தலைவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், அரசாங்கம் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும், சட்டத்துக்கு மேல் யாரும் இல்லை. இதில் ஒன்றைச் சொன்னால் மதிப்பெண். இந்த நான்கு வரியையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வரலாம். ஆனால் எங்கள் வகுப்பில் பெரியவர்கள் அப்படி விடமாட்டார்கள். "அதிபர் கேக்கலைன்னா என்ன தம்பி பண்ணுவாங்க?" என்று ஒரு மாமி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ட்ரூமன் கதை வந்தது.

1952-ல் கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். போர்க்காலத்தில் எஃகு நின்றால் நாடு என்னாவது என்று அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8-ம் தேதி ஓர் உத்தரவு போட்டு ஆலைகளை அரசாங்கத்தின் கையில் எடுத்துக்கொண்டார். ஆலை முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: சட்டம் இயற்றுவது காங்கிரஸின், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தின், வேலை, காங்கிரஸ் தராத அதிகாரத்தை அதிபர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கு இருந்த ஒன்பது நீதிபதிகளையும் நியமித்தவர்கள் ட்ரூமனும் அவருக்கு முன்பிருந்த ரூஸ்வெல்ட்டும். இரண்டு பேரும் ஒரே கட்சி. ட்ரூமன் தன் கையால் நியமித்த நான்கு பேரில் இரண்டு பேர் அவருக்கு எதிராகத் தீர்ப்பில் சேர்ந்தார்கள். அவரிடம் ராணுவம் இருந்தது, நீதிமன்றத்திடம் காகிதம்தான் இருந்தது. இருந்தும் அவர் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஏழு வாரத்துக்கு மேல் நடந்தது.

மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவரு நல்ல மனுஷன்னு சொல்லுங்க" என்றார். இல்லை மாமி, அவர் கோபமாகத்தான் இருந்தார், ஆனாலும் கீழ்ப்படிந்தார் என்றேன். 1974-ல் அதிபர் நிக்சனும், வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்குக் கேட்ட, தன் அலுவலகப் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை நல்ல மனசோடு கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றுதான் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஜூலை 24-ம் தேதி 8-க்கு 0 என்று தீர்ப்பு வந்தது. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் அவரே நியமித்தவர்கள். தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியும் அந்த மூவரில் ஒருவர். நாடாக்கள் வெளியே வந்தன, ஆகஸ்ட் 9-ம் தேதி பதவி விலகினார். ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி. இதைச் சொல்லிக்கொடுத்தால் எந்தக் கட்சிக்குப் பிரச்சாரம் ஆகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதிபர் ஜனவரி 20-ம் தேதி எடுக்கும் உறுதிமொழியில் அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்கிறார். நம் அம்மாக்கள் குடியுரிமை வாங்கும் நாளில் கையை உயர்த்திச் சொல்லும் உறுதிமொழியிலும் அதே அரசியல் சட்டத்தைத்தான் காப்பதாகச் சொல்கிறார்கள். எந்த ஆளுக்கும் எந்தக் கட்சிக்கும் அந்த உறுதிமொழி இல்லை. எதைக் காப்பதாகச் சத்தியம் செய்கிறோம் என்று தெரியாமல் ஒருவர் அந்த மேடையில் நிற்பது சரியா? அதைத் தெரிந்துகொள்ள உதவுவது அரசியல் என்றால், சத்தியம் செய்வதும் அரசியல்தான்.

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். மகள் வீட்டில் இருக்கிறார். சந்தேகம் கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை ஆறாவது திருத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கிடியன் கதையை எடுத்தேன். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன், ஃப்ளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்துத் திருடியதாக 1961-ல் கைதானவர். வக்கீல் வைக்கக் காசு இல்லை. கோர்ட்டில் கேட்டார், கொலைக்குற்றம் மாதிரி தூக்குத்தண்டனை வழக்குக்குத்தான் அரசு வக்கீல் என்று மறுத்துவிட்டார்கள். தானே வாதாடித் தோற்று, ஐந்து வருட தண்டனையோடு சிறைக்குப் போனார். சிறையில் இருந்துகொண்டு, சிறை கொடுத்த கோடு போட்ட தாளில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார்.

குமாஸ்தா ஐயா அங்கேயே நிறுத்தினார். "பென்சில்ல எழுதினா நம்பரே ஆகாதே சார். ரிட்டர்ன் பண்ணிருவாங்களே" என்றார். முப்பது வருஷம் மனுக்களை வாங்கி, ஸ்டாம்ப் குறைவு, மார்ஜின் குறைவு என்று திருப்பி அனுப்பியவர் அவர். அவருக்கு அந்தக் கதையின் பெரிய ஆச்சரியம் தீர்ப்பு அல்ல, மனு உள்ளே போனதுதான். காசில்லாதவர்கள் கட்டணம் இல்லாமல் மனுப்போட உச்ச நீதிமன்றத்தில் தனி ஏற்பாடு உண்டு. கையால் எழுதிய மனுக்கள் வருவது அங்கே வழக்கம்தான். கிடியனின் மனுவை எடுத்துக்கொண்டார்கள். அவருக்காக வாதாட நல்ல வக்கீல் ஒருவரையும் நியமித்தார்கள். 1963 மார்ச் 18-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கடுங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதி இல்லாதவனுக்கு மாநில அரசு வக்கீல் தர வேண்டும். மறுவிசாரணையில் வக்கீலோடு போன கிடியன் விடுதலையானார். ஜூரி எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய ஒரு மணி.

அடுத்த வாரம் அந்த ஐயா, மகளிடம் சொல்லி கிடியனின் மனுவின் படத்தைத் தேடி அச்செடுத்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் காட்டினார். கையெழுத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினார். இந்த மாதிரி ஒரு காலை வேளையைத்தான் நீங்கள் அரசியல் சார்ந்த நிகழ்ச்சி என்று நிறுத்தியிருக்கிறீர்கள்.

இனி பயத்துக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களில் சிலரே இன்னும் எச்-1பியில் இருக்கிறீர்கள். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருப்பவர்கள் நம் உறுப்பினர்களில் நிறைய. சின்னதாக ஏதாவது தப்பு நடந்தால் எல்லாம் போய்விடுமோ என்ற கவலை எனக்கும் பல வருடம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து வகுப்பை மூடுவது என்று யார் சொன்னார்கள்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் உறுப்பினர் ஒருவரின் அப்பா, கிரீன் கார்டுக்காரர், மோட்டார் வாகன அலுவலகத்துக்கு அடையாள அட்டை புதுப்பிக்கப் போயிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுபோல, வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கூட வந்த மருமகன் பார்க்கிங்கில் இருந்தான். திரையில் கட்டத்தைத் தொட்டால் போதும், பதிவாகிவிடும். ஏதோ கேட்கிறார்கள், மரியாதைக்கு யெஸ் சொல்லிவிடலாம் என்று நம் பெரியவர்கள் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பார்கள்! இவருக்கு வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. "ஐ ஆம் நாட் சிட்டிசன்" என்று சொல்லிவிட்டார். யெஸ் சொல்லியிருந்தால் என்ன ஆகும் தெரியுமா? குடிமகன் இல்லாதவர் குடிமகன் என்று சொல்லி வாக்காளராகப் பதிவு செய்வது குடியுரிமைச் சட்டத்தில் மிகப் பெரிய தவறு. நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். என்-400 விண்ணப்பத்திலேயே, நீங்கள் எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று நேராகக் கேட்கிறார்கள். அந்தப் பெரியவரைக் காப்பாற்றியது அந்த வகுப்பு. வகுப்பால் பிரச்சினை வரும் என்கிறீர்கள். வகுப்பு இல்லாமல்தான் பிரச்சினை வரும்.

2025 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அதிபர் பதவியேற்ற அன்றே ஓர் உத்தரவு போட்டார். அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பா குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லையென்றால், 30 நாள் கழித்து இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்றது அது. எச்-1பி குடும்பங்கள் நேராக அதில் வந்தன. நம் வாட்ஸ்அப் குழுக்களில் அன்றைக்கு என்னவெல்லாம் ஓடியது என்று உங்களுக்கே தெரியும். பிரசவத் தேதியை முன்னால் நகர்த்தச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாமா என்று ஒரு பெண் அழுதுகொண்டே போன் செய்தாள். அவளுக்கு மார்ச்சில் தேதி.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு, 1868-ல் வந்த பதினான்காம் திருத்தத்தின் முதல் வாக்கியத்தைப் பலகையில் எழுதினோம். அமெரிக்காவில் பிறந்து, அதன் அதிகார வரம்புக்கு உட்பட்டிருப்பவர்கள் எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள் என்கிறது அது. அப்புறம் வோங் கிம் ஆர்க்கைப் பற்றிப் பேசினோம். சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனா போய்விட்டு 1895-ல் திரும்பியபோது நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே நிறுத்தினார்கள். அவருடைய பெற்றோர் குடிமக்கள் ஆகவே முடியாத காலம் அது. 1898-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வாரமே, உத்தரவு வந்த மூன்றாம் நாள், சியாட்டிலில் ஒரு ஃபெடரல் நீதிபதி உத்தரவுக்குத் தடை விதித்திருந்தார். அவர் குடியரசுக் கட்சி அதிபராக இருந்த ரீகன் 1981-ல் நியமித்தவர். வழக்கு மேலே உச்ச நீதிமன்றம் வரை போனது.

அந்தப் பெண்ணும் கணவனும் அன்றைக்கு வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்கு நான் வாக்குறுதி எதுவும் தரவில்லை. நான் வக்கீல் இல்லை. ஓர் உத்தரவு வந்தால் அதோடு கதை முடிந்துவிடாது, அதைக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது, அந்த இடத்துக்குப் போக வழி இருக்கிறது என்பதை மட்டும் காட்டினேன். பிரசவத் தேதியை மாற்றும் பேச்சை அவர்கள் அதோடு விட்டார்கள். அன்று சங்கம் சார்பில் ஒரு நல்ல குடிவரவு வக்கீலை அழைத்துப் பேசவைக்கலாம் என்று நான் கேட்டதற்கும் செயற்குழுவிடமிருந்து பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

"அரசியல் சட்டமெல்லாம் சிட்டிசனுக்குத்தானே, விசாக்காரங்களுக்கு அதில் என்ன இருக்கு" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இது தவறு. இதைப் பலர் நம்புவதால்தான் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். பதினான்காம் திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பைக் குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. எந்த நபருக்கும் என்கிறது. 1880-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில், மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகராட்சி அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வாசித்துப் பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் மனுப்போட்ட சீனர்கள் ஏறக்குறைய 200 பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனர் அல்லாத 80 பேர் அளவில் கேட்டதில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற கடையின் உரிமையாளர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். அவர் குடிமகன் இல்லை. 1886-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது: விதி பார்க்க நியாயமாக இருந்தாலும், அதை ஓரவஞ்சனையாக நடைமுறைப்படுத்தினால் செல்லாது; வெளிநாட்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எச்-1பியில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட உபயோகமான பாடம் எது?

அரசியல் சட்டம் எப்போதும் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்பிலும் அப்படிச் சொன்னதில்லை. பகத் சிங் திண்ட் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவருடைய குடியுரிமை வழக்கில் 1923-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகவே, இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, அதனால் குடியுரிமை பெற முடியாது என்றது. அதன்பிறகு ஏற்கெனவே குடிமக்களாக இருந்த இந்தியர்களின் குடியுரிமையையும் பறித்தார்கள். அப்படிப் பறிகொடுத்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். சட்டமே அநியாயமாக இருந்தபோது நீதிமன்றமும் கைவிட்டது.

அதை மாற்றியது யார்? நியூயார்க்கில் இந்தியா லீக் ஆஃப் அமெரிக்கா என்று ஓர் அமைப்பு இருந்தது. ஜே.ஜே. சிங் அதன் தலைவர். நாடு முழுவதிலும் இந்தியர்கள் சில ஆயிரம் பேர்தான். இவர்களில் பலருக்குக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. இருந்தும் காங்கிரஸ் உறுப்பினர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள், விசாரணைகளில் சாட்சி சொன்னார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். 1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் வந்தது. வருடத்துக்கு 100 இந்தியர்கள் குடியேறலாம், இங்கே இருப்பவர்கள் குடிமக்கள் ஆகலாம். கையெழுத்துப் போட்டவர் அதே ட்ரூமன். பத்து வருடம் கழித்து 1956-ல் தலிப் சிங் சவுந்த் கலிஃபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நமக்கு எதுக்கு வம்பு என்று அவர்கள் ஒதுங்கி இருந்திருந்தால், உங்களிலும் என்னிலும் யாருக்கும் இன்று இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. ஒரு சின்ன இந்திய அமைப்பு அன்றைக்குச் செய்ததில் நூற்றில் ஒரு பங்குதான் நம் சனிக்கிழமை வகுப்பு.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் வருத்தம். நம் சங்கத்துக்கும் ஒரு பைலா, அதாவது சங்க விதிமுறை, இருக்கிறது. பொதுக்குழு ஒப்புக்கொண்ட ஆண்டுத் திட்டத்தில் உள்ள நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும் என்றால், செயற்குழுக் கூட்டம் கூட்டி, போதுமான உறுப்பினர்கள் இருந்து, வாக்கெடுத்து, கூட்டக் குறிப்பில் காரணத்தோடு பதிய வேண்டும். இந்த வகுப்பு ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறது. போன பொதுக்குழுவில் கைதூக்கி ஒப்புக்கொண்டோம். ஆனால் நான் விசாரித்த வரையில் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. இரவில் நாலைந்து பேர் போனில் பேசி முடிவெடுத்து, காலையில் அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். செயற்குழு உறுப்பினர்களிலேயே இரண்டு பேருக்கு அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரியும் என்று அவர்களே சொன்னார்கள். நல்ல எண்ணத்தோடு செய்திருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ட்ரூமனும் நல்ல எண்ணத்தோடுதான் ஆலைகளை எடுத்தார். அதிகாரம் இருப்பவர் நல்லவரா என்று மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது, அவர் விதிப்படி செய்தாரா என்று கேட்க வேண்டும் என்பதைத்தான் நாங்கள் அந்த அறையில் படித்துக்கொண்டிருந்தோம்.

நான் கேட்பது இவைதான்.

வகுப்பை அடுத்த மாத முதல் சனிக்கிழமையிலிருந்து மறுபடி தொடங்க அனுமதி கொடுங்கள். நூலக அறைக்கு நானே பதிவு செய்துகொள்கிறேன். நேர்முகத் தேதி வந்துவிட்ட சிலர் இருக்கிறார்கள், அவர்களால் காத்திருக்க முடியாது. செயற்குழுவுக்கு இன்னும் ஆட்சேபணை இருந்தால், முறையாகக் கூட்டம் கூட்டி, காரணத்தை எழுத்தில் கொடுத்து, வரும் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வையுங்கள். அங்கே தோற்றால் நான் ஏற்றுக்கொள்வேன். அதுவரை பொதுக்குழு ஏற்கெனவே எடுத்த முடிவுதான் செல்லும்.

இந்த நிறுத்த முடிவு எப்போது, யார் யார் சேர்ந்து எடுத்தது என்பதைக் கூட்டக் குறிப்போடு உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். குறிப்பு இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

50, 55, 65 வயது விதிவிலக்குகளையும், கிரீன் கார்டுக்காரர்களும் விசாக்காரர்களும் வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தொடவே கூடாது என்ற எச்சரிக்கையையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி நான் தருகிறேன். அடுத்த செய்திமடலில் வெளியிடுங்கள். ஒரு குடிவரவு வக்கீலிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு வெளியிட்டால் இன்னும் நல்லது.

பொங்கல் விழாவில் வாக்காளர் பதிவு மேசைக்கு இடம் ஒதுக்குங்கள், குடிமக்களுக்கு மட்டும் என்ற பெரிய எழுத்துப் பலகையோடு. எந்தக் கட்சியின் துண்டறிக்கையும் அங்கே இருக்காது என்பதற்கு நான் பொறுப்பு.

இந்த மடலுக்கு அடுத்த செயற்குழுக் கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட கடிதமாக, எல்லா உறுப்பினர்களுக்கும்.

இப்படிக்கு,
சங்கத்தின் வாழ்நாள் உறுப்பினன்,
சனிக்கிழமை வகுப்பின் பொறுப்பாளன்